இராபர்ட் புரூஸ் ஃபூட்: பல்லாவரம் முதல் ஏற்காடு வரை – வாழ்வும் ஆய்வுநெறியும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912), 1863-ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். தமிழக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்நிகழ்வை ஒரு தொடரில் சுட்டிவிட்டு அமைகின்றன. ஃபூட்டின் வாழ்வை முழுமையாக நோக்குங்கால், அவர் விட்டுச்சென்ற கொடை அந்த ஒரு கல் மட்டுமன்று, ஒவ்வொரு கல்லுக்கும் அது கிடைத்த இடத்தையும் மண்ணடுக்கையும் பதிந்துவைத்த நெறியே அதனினும் பெரிது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அந்நெறி ஏட்டுச்சுவடிப் பதிப்புநெறியோடு கொண்டுள்ள ஒப்புமையும், தென்சென்னைப் புறநகர்ப் பகுதியின் தொன்மை ஆய்வுக்கு அது இன்று பயன்படும் வகையும் இங்கு எடுத்துரைக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: புரூஸ் ஃபூட், பல்லாவரம், அத்திரம்பாக்கம், பழைய கற்காலம், செம்புராங்கல், பெர்சிவல், ஊர்ப்பெயராய்வு.

முன்னுரை

தமிழரின் தொன்மை குறித்துப் பேசும் நூல்களில் பல்லாவரம் என்னும் ஊர்ப்பெயர் தவறாது இடம்பெறும். கண்டெடுத்தவர் பெயரும் ஆண்டும் உடன் குறிக்கப்பெறும். அதற்கடுத்த தொடரிலேயே உரை ஆதிச்சநல்லூருக்கோ சங்க இலக்கியத்திற்கோ தாவிவிடுதல் உண்டு. இவ்வாறு தாவும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. பல இலட்சம் ஆண்டு இடைவெளி கண்ணிற் படாமற் போகிறது என்பது ஒன்று. அந்த இடைவெளியை அளக்கும் வழியை வகுத்துத் தந்த ஆய்வாளர் வெறும் பெயராகச் சுருங்கிவிடுகிறார் என்பது மற்றொன்று. இவ்விரு இழப்பையும் ஈடுசெய்ய ஃபூட்டின் வாழ்வை அவருடைய பணிகளின் வழியாக வரிசைப்படுத்திக் காண்பது தேவையாகிறது.

இளமையும் பணியேற்பும்

ஃபூட் 1834 செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்தார். 1851-இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் நிறுவப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858-இல் சேர்ந்தார். சென்னை மாகாணம் அவருடைய பணிக்களமாயிற்று. நிலக்கரி, இரும்பு, பொன் முதலிய கனிமங்கள் எங்குள்ளன என்று அறிவதும், பாறை அமைப்புகளை நிலவரைபடத்தில் குறிப்பதுமே அத்துறையினரின் கடமை. மனிதனின் தொன்மையைத் தேடுவது அக்கடமையுள் அடங்கியதன்று. எனினும் ஓர் ஓடைக்கரையைக் கண்டால் அதன் மண்ணடுக்குகளை மேலிருந்து கீழாக எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அப்பணி அவருக்கு ஊட்டியது. பின்னாளில் அவர் ஆற்றிய தொல்லியற்பணி முழுவதற்கும் இப்பழக்கமே அடித்தளமாயிற்று.

அவர் பணியேற்ற காலம் ஐரோப்பிய அறிவுலகில் பெரும் மாற்றம் நிகழ்ந்த காலம். பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் கிடைக்கின்றன என்று புஷே த பெர்த் நெடுங்காலம் வாதிட்டு வந்தார். 1859-இல் பிரெஸ்ட்விச், ஈவான்சு ஆகிய இங்கிலாந்து அறிஞர்கள் அவ்விடங்களை நேரிற்சென்று ஆய்ந்து அவர் கூற்றை ஏற்றனர். மனித குலத்தின் அகவை சமய மரபு கூறிய சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நீண்டது. பிரெஸ்ட்விச்சின் கட்டுரையைப் பயின்ற ஃபூட், அத்தகைய கருவிகள் தென்னிந்திய மண்ணிலும் இருத்தல் கூடும் என்னும் எண்ணத்தோடு தம் நிலவியற் பயணங்களை மேற்கொண்டார். ஆகவே பல்லாவரக் கண்டெடுப்பு, தேடும் கண்ணோடு நடந்தவருக்குக் கிடைத்த பயனே ஆகும்.

பெர்சிவல் குடும்ப உறவு

தமிழாய்வாளர் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்று ஃபூட்டின் குடும்ப வாழ்வில் உண்டு. அவர் மணந்த எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவலின் மகள். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் வெசுலியன் திருச்சபையின் சார்பில் கல்விப்பணி ஆற்றியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பை நடத்தியவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறிய அவர், 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடனும், 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார்.

பெர்சிவல் என்னும் ஒருவரைச் சுற்றி அமைந்த உறவு வட்டத்தில், ஒருபுறம் செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்கும் பணியும், மறுபுறம் மண்ணடுக்குகளிலிருந்து மனிதனின் முதற் கருவிகளை மீட்கும் பணியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றன. பொருளால் வேறுபட்ட இவ்விரு பணிகளும் நெறியால் ஒன்றுபடுகின்றன. ஒரு பாடம் எந்த ஏட்டிலிருந்து வந்தது, அந்த ஏடு எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்காத பதிப்பை ஆய்வுலகம் ஐயத்தோடு நோக்கும். ஒரு கல் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறிக்காத சேகரிப்பும் அத்தகையதே. அழகிய கல்லாக அது காட்சிக்கு நிற்குமேயன்றிச் சான்றாக நில்லாது.

1863: பல்லாவரமும் அத்திரம்பாக்கமும்

1863 மே 30-ஆம் நாள், பல்லாவரம் படைத்தளத்தின் அணிவகுப்புத் திடலில் சரளைக்காகத் தோண்டப்பெற்றிருந்த குழி ஒன்றிலிருந்து வெளிப்பட்ட கற்களிடையே, மனிதக் கையால் செதுக்கப்பெற்ற குவார்ட்சைட் கருவி ஒன்றை ஃபூட் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு அகவை 28. அக்குழி செம்புராங்கற் சரளை அடுக்கில் தோண்டப்பெற்றது. ஆயினும் அக்கல் அடுக்கினுள் பதிந்த நிலையில் கிடைக்கவில்லை. தோண்டிப் போட்ட சரளையிடையே கிடந்தது. ஆகவே அடுக்கினுள்ளேயே இருக்கும் கருவியைக் காணும் தேவை எஞ்சியது.

அத்தேவை நான்கு மாதங்களில் நிறைவேறியது. 1863 செப்டம்பர் 28-ஆம் நாள், உடன்பணியாற்றிய வில்லியம் கிங்கும் ஃபூட்டும் சென்னைக்கு வடமேற்கே கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் பலவற்றைக் கண்டனர். ஓடைநீர் அரித்த பள்ளங்களில் மண்ணடுக்குகள் அங்குத் தெளிவாகப் புலப்பட்டன. கைக்கோடரிகளும் பிற வெட்டுக்கருவிகளும் திரளாகக் கிடைத்தன. அயர்லாந்தின் கால்வே நகரில் நிலவியற் பேராசிரியராக இருந்த இந்தக் கிங்கின் தந்தையான மற்றொரு வில்லியம் கிங், ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளைத் தனி மனித இனமாகக் கருதி, நியாண்டர்தால் மனிதன் என்னும் அறிவியற் பெயரை அதே 1863-இல் முன்மொழிந்து மறு ஆண்டில் வெளியிட்டார். தந்தை எலும்பைக் கொண்டும் மகன் கருவியைக் கொண்டும் பண்டை மனிதக் குழுக்களை ஆராய்ந்த அவ்வாண்டு, உலகத் தொல்பழங்கால ஆய்வில் சென்னைக்கும் ஓர் இடத்தைத் தந்தது.

இக்கண்டெடுப்புகளை ஃபூட் 1866-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் விரிவாக எழுதினார். 1868-இல் இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழிலும் தென்னிந்தியக் கற்கருவிகளின் பரவலைக் குறித்து எழுதினார். கிழக்குக் கடற்கரையோரச் செம்புராங்கல் அடுக்குகள் கடலடிப் படிவுகள் என்பது அக்காலத்தில் அவர் கொண்ட கருத்து. அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அக்கருத்தோடு சேர்ந்து அவருடைய சான்றுகள் வீழ்ந்துவிடவில்லை. காரணம், கண்டதையும் கருதியதையும் அவர் தனித்தனியே எழுதிவைத்தார். எந்த ஊர், எந்த ஓடை, எத்தகைய அடுக்கு என்பன ஒருபுறம். அவ்வடுக்கு எவ்வாறு உருவாயிற்று என்னும் விளக்கம் மறுபுறம். விளக்கம் மாறியபோதும் பதிவு நிலைத்தது.

முப்பத்து மூன்று ஆண்டு நடைப்பயணம்

1863-க்குப் பின் ஃபூட்டின் வாழ்வு ஏறத்தாழ முழுவதும் பயணமாகவே கழிந்தது. பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வட ஆர்க்காட்டுப் பகுதிகளின் நிலவியலை 1873-இலும், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளின் நிலவியலை 1883-இலும் வெளியான நூல்களில் விளக்கினார். தென்மாவட்டத் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில், சாயர்புரத்தில் சிறு கற்செதில்களை அவர் கண்டறிந்தார். அத்தேரிகளின் நுண்கற்கருவிகளைச் சாய்னரும் ஆல்சினும் விரிவாக ஆய்ந்து 1956-இல் வெளியிட்டபோது, ஃபூட் தொடங்கிய இழையே மீண்டும் கையிலெடுக்கப்பெற்றது.

இன்றைய கருநாடகப் பகுதியில் கோகாக்கு அருகே காண்டாமிருகத்தின் புதைபடிவ எலும்புகளைக் கண்டறிந்து 1874-இல் அதற்குத் தக்காணத்தின் பெயரால் அறிவியற் பெயரிட்டார். தென்னிந்தியப் பாறைத் தொகுதிகளுள் தார்வார் எனப் பெயர்பெற்ற தொகுதியை வரையறுத்தவரும் அவரே. கருநூல் மாவட்டத்துப் பில்லசுர்க்கம் குகைகளில் அகழ்ந்தபோது அவருக்குத் துணைநின்றவர் அவர்தம் மகன் ஹென்றி. அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் கைபட்ட எலும்புக் கருவிகளும் அங்கு உண்டு என்று ஃபூட் கருதினார். இக்கருத்து நெடுங்காலம் ஐயத்திற்கு உள்ளாயிற்று. 1970-களில் எம்.எல்.கே. மூர்த்தி கருநூல் குகைப் பகுதியில் நடத்திய அகழாய்வுகள் எலும்புக் கருவிகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தன.

பெல்லாரிப் பகுதியிலுள்ள சாம்பல் மேடுகள் பற்றிய அவருடைய முடிவும் குறிப்பிடத்தக்கது. பெருவேள்விகளின் எச்சம் என்றும் எரிமலைச் சாம்பல் என்றும் பலவாறு கருதப்பட்ட அம்மேடுகள், புதிய கற்காலத்து மாடு வளர்த்த மக்கள் சாணத்தைக் குவித்து எரித்ததால் உருவானவை என்று ஃபூட் கண்டார். 1957-இல் உட்னூரில் அகழ்ந்த ஆல்சின், 1963-இல் வெளியிட்ட நூலில் அதனை உறுதிப்படுத்தினார். இன்றும் சாணக்குவியலும் எரித்த சாம்பலும் ஊர்ப்புறங்களில் கண்ணிற்படும் பொருள்களே. அவ்வன்றாடப் பொருளைக் கொண்டே பண்டை மக்களின் வாழ்வை ஊகித்தமை ஃபூட்டின் அணுகுமுறையைக் காட்டுகிறது.

1891-இல் அரசுப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர்ப் பரோடா அரசிலும், அதன்பின் மைசூர் அரசிலும் நிலவியல் அறிஞராகப் பணியாற்றினார். பரோடாப் பணிக்காலத்தில் குசராத்தின் சபர்மதி ஆற்றுப் படுகையிலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் எச்.டி. சங்காலியா அப்பகுதியில் ஆய்வைத் தொடர அக்குறிப்புகள் வழிகாட்டின.

ஏற்காடும் அட்டவணையும்

தம் மாமனார் பெர்சிவல் 1882-இல் மறைந்த இடமாகிய ஏற்காட்டிலேயே ஃபூட் தம் முதுமையைக் கழித்தார். சேர்வராயன் மலைப்பகுதியிலும் புதிய கற்காலக் கற்கோடரிகளைத் தொகுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக 450-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அவர் திரட்டிய தொல்பொருள்களை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைகொடுத்துப் பெற்றது. அச்சேகரிப்புக்கு அவர் தாமே விரிவான அட்டவணை எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் எண், பொருள் வகை, கிடைத்த இடம் ஆகியவை அதில் மாவட்ட வாரியாகக் குறிக்கப்பெற்றன. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் தம் 78-ஆம் அகவையில் ஃபூட் மறைந்தார். அவர்தம் நினைவுச்சின்னம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது. அட்டவணை 1914-இலும், கருவிகளின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-இலும் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன.

அவ்வட்டவணையில் பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக்காலம் என்னும் பகுப்பு தெளிவாகப் பேணப்பெற்றுள்ளது. பழைய கற்கால மக்களுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் இடையே நெடிய இடைவெளி இருந்தது என்பது ஃபூட்டின் துணிபு. இடைக்கற்கால ஆய்வுகள் அவ்விடைவெளியைப் பெரிதும் நிரப்பிவிட்டன. ஆயினும், கிடைத்த சான்றுகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பின் அதனை வெற்றிடமென்றே எழுதவேண்டும் என்னும் அவருடைய நேர்மை இன்றும் பின்பற்றத்தக்கது.

பிற்கால ஆய்வுகளின் ஒளியில்

1930-களில் வி.டி. கிருஷ்ணசாமி, டி டெர்ரா, பாட்டர்சன் ஆகியோர் கொற்றலை ஆற்றுப் படுகையை மீண்டும் ஆய்ந்தனர். சென்னைக் கைக்கோடரி மரபு உலகத் தொல்லியல் நூல்களில் தனி இடம்பெற்றது. 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வு, அடியடுக்கிலுள்ள அச்சூலியன் மரபுக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் அறிவித்தது. மண்ணுள் புதைந்த குவார்ட்சைட் கற்களில் அண்டக்கதிர்களால் உண்டான அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் ஓரிடத்தான்கள் எந்த அளவு சிதைந்துள்ளன என்பதைக் கொண்டு அக்காலம் கணிக்கப்பெற்றது. அதே இடத்தில் இடைப்பழங்கற்கால மரபு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றிவிட்டது என்னும் முடிவு 2018-இல் வெளிவந்தது. 1863-இல் குறிக்கப்பெற்ற இடம் மீண்டும் செல்லத்தக்க வகையில் பதிவாகியிருந்தமையே இவ்வளவுக்கும் தொடக்கம்.

இம்முடிவுகள் தமிழ்த் தொன்மை பற்றிய உரையாடலில் ஒரு வரையறையையும் விதிக்கின்றன. இன்றைய மனித இனமாகிய ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்கூடில் கிடைத்தவை. அவற்றின் அகவை ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். எனவே அத்திரம்பாக்கத்தின் அடியடுக்குக் கருவிகளைச் செய்தவர் நம் இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் வாழ்ந்தவர். அவர்தம் எலும்புகள் அங்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் 1982-இல் நருமதைக் கரையிலுள்ள ஹத்னோராவில் அருண் சொனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதியே பண்டை மனித எலும்புகளுள் அரிய சான்றாக விளங்குகிறது. பல்லாவரக் கல்லையோ அத்திரம்பாக்கக் கைக்கோடரியையோ தமிழ்மொழியின் அகவைக்குச் சான்றாக வைப்பது, காலத்தாலும் இனத்தாலும் பொருந்தாத ஒன்றாகும். மொழிக்குச் சான்று எழுத்தும் இலக்கியமும்; மண்ணின் மனிதத் தொன்மைக்குச் சான்று கல். இரண்டையும் தத்தம் இடத்தில் நிறுத்துவதால் தமிழின் பெருமை குறைவதில்லை. வாதத்தின் வலிமை கூடுகிறது.

தென்சென்னைப் புறநகரும் ஆய்வுத்தேவையும்

பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் எனத் தெற்கே நீளும் நிலப்பகுதி, ஒரு தலைமுறைக்குள் ஏரியும் வயலும் செம்மண் மேடுமாக இருந்த நிலையிலிருந்து தொடர் குடியிருப்பாக மாறியது. வண்டலூர், கிளாம்பாக்கம் பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. ஃபூட்டின் பகுப்பின்படி அவை இரும்புக்காலத்தைச் சார்ந்தவை. பல்லாவரக் கருவியோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை அல்ல. சில கல் தொலைவிற்குள் இருவேறு காலங்களின் தடயங்கள் அமைந்த இப்பகுதியில் கால்கோள் இடும் ஒவ்வொரு கட்டடமும் ஒரு மண்ணடுக்கைத் திறந்து, பின் மூடிவிடுகிறது. ஃபூட்டுக்குக் கல்லைக் காட்டியதும் அத்தகைய குழியொன்றே. வேறுபாடு, அன்று அக்குழியருகே பார்க்கத் தெரிந்த ஒருவர் நின்றார் என்பதே.

இங்குத் தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணி ஒன்று உண்டு. ஃபூட்டின் அட்டவணையில் ஊர்ப்பெயர்கள் அக்கால ஆங்கில ஒலிபெயர்ப்பில் உள்ளன. அவற்றுள் பல இன்றைய எழுத்துமுறைக்கு ஒத்துவாரா. சில ஊர்கள் பெயர் மாறியும் பெரிய ஊர்களுள் கரைந்தும் போயின. கல்வெட்டுகளிலும் நிலவருவாய்ப் பதிவேடுகளிலும் பயின்று வரும் ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டு, அட்டவணைப் பெயர் ஒவ்வொன்றையும் உரிய இடத்தோடு பொருத்துவது ஊர்ப்பெயராய்வாளரின் பயிற்சிக்கு உட்பட்டது. சென்னை, செங்கல்பட்டுப் பகுதிகளுக்கேனும் இப்பணி முதலில் நிகழுமாயின், குழி தோண்டுவதற்கு முன் எங்கு நின்று நோக்கவேண்டும் என்பது தெளிவாகும்.

முடிவுரை

இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பல்லாவரக் கண்டெடுப்பு, நிலவியற் பயிற்சியும் ஐரோப்பிய ஆய்வுகளின் அறிவும் கூடித் தேடியதன் பயன்; தற்செயல் அன்று.

2. இடத்தையும் அடுக்கையும் விளக்கத்திலிருந்து பிரித்துப் பதிந்தமையால், அவருடைய கருத்துகள் சில மறுக்கப்பெற்ற பின்னும் அவருடைய சான்றுகள் பயன்தருகின்றன.

3. பெர்சிவல் வழியாகத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு உறவுடைய இவ்வாழ்வு, ஏடு மீட்டலும் கல் மீட்டலும் ஒரே வகை நேர்மையை வேண்டுவன என்பதைக் காட்டுகிறது.

4. பழைய கற்காலச் சான்றுகளை மொழித்தொன்மைக்குச் சான்றாக்குவது ஃபூட் பேணிய காலப்பகுப்புக்கு முரணானது.

5. அட்டவணையின் ஊர்ப்பெயர்களை அடையாளங்காணும் பணி தமிழாய்வாளர்க்கு உரியது. தென்சென்னைப் புறநகரில் எஞ்சியுள்ள திறந்த நிலம் குறைந்துவருவதால் அது காலந்தாழ்த்தத்தக்கது அன்று.